பிள்ளைக்குப் பிள்ளை ஆசான்: ஊரில் ஒரு சனிக்கிழமைக் கூட்டம் நடத்தும் முறை

புதிதாக எதையாவது செய்து பார் என்றால் "எனக்கு வராது" என்று ஒதுங்கும் பிள்ளையை சோம்பேறி என்று முடிவு கட்டிவிடுகிறோம். பெரும்பாலும் அது சோம்பல் அல்ல. நாலு பேர் பார்க்கத் தப்பாகச் செய்துவிடுவோமோ என்ற பயம். பெரியவர் எவ்வளவு அன்பாகச் சொன்னாலும் அந்தப் பயம் முழுதாகப் போகாது. பெரியவருக்கு வருவதில் என்ன அதிசயம் என்றுதான் பிள்ளைக்குத் தோன்றும். தன்னைவிட இரண்டு வயது மூத்த அடுத்த வீட்டு அக்கா, இரண்டு தடவை தடுமாறி மூன்றாவது தடவை செய்து முடிப்பதைப் பார்க்கும்போதுதான் "அப்போ எனக்கும் வரும்" என்று கை நீளும். கழித்தல் கணக்கில் திணறிய பள்ளிப் பிள்ளைகளை வைத்து ஷங்க், ஹான்சன் இருவரும் அமெரிக்காவில் நடத்தி 1985இல் வெளியிட்ட ஆய்வும் இதையே காட்டியது. ஆசிரியர் போட்டுக் காட்டியதைப் பார்த்த பிள்ளைகளைவிட, தங்களைப் போன்ற இன்னொரு பிள்ளை போட்டதைப் பார்த்தவர்களுக்கு நம்பிக்கையும் கூடியது, கணக்கும் நன்றாக வந்தது.

ஆகவே பிள்ளைகள் புதியதைத் தொடவும், தெரிந்ததைப் பகிரவும் இரண்டு தனித்தனி ஏற்பாடு தேவையில்லை. ஒரு பிள்ளை இன்னொரு பிள்ளைக்குச் சொல்லித்தரும் ஒன்றரை மணி நேரம் வாரம் ஒரு முறை கிடைத்தால் இரண்டும் நடக்கும். கன்னியாகுமரி மாவட்டத்தில் ஒரு தெருவிலோ ஊரிலோ இதை எப்படித் தொடங்கி நடத்துவது என்பதுதான் கீழே இருப்பது. படிப்பகத்து இளைஞர்கள், மகளிர் குழு அம்மாமார், ஆசிரியர்கள் யார் வேண்டுமானாலும் செய்யலாம்.

இடம், நேரம், ஆள்

ஏழு முதல் பதினான்கு வயதுவரை பன்னிரண்டு பிள்ளைகள் போதும். பதினைந்தைத் தாண்டினால் இரண்டு கூட்டமாகப் பிரியுங்கள். எட்டுக்குக் கீழே போனால், இரண்டு பேர் வராத வாரம் கூட்டம் சோர்ந்துவிடும். பெரியவர்கள் மூன்று பேர் பொறுப்பில் இருந்து, எந்த நேரமும் குறைந்தது இரண்டு பேர் பிள்ளைகளோடு இருக்க வேண்டும்.

இடம் தேர்வதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். நம் மாவட்டத்தில் ஹாலுக்குப் பஞ்சமில்லை. ஆனால் ஒவ்வொன்றும் ஒரு கோயிலுக்கோ சபைக்கோ பங்குக்கோ சமுதாயத்துக்கோ உரியது. அங்கே கூட்டம் வைத்தால் அடுத்த தெருப் பிள்ளை வாசலோடு நின்றுவிடும், அல்லது வீட்டில் அனுப்பமாட்டார்கள். யாரும் தடுக்க வேண்டியதில்லை, தயக்கமே போதும். எல்லா வீட்டுப் பிள்ளையும் ஏற்கெனவே கால் வைத்திருக்கும் இடம் எதுவென்று பாருங்கள். பள்ளி வராந்தா, கிளை நூலகம், ஊர்ப் படிப்பகம் மூன்றும் நல்லவை. ஹாலைத் தவிர வேறு வழியில்லை என்றால் ஒரு மாதம் ஒரு இடம், அடுத்த மாதம் இன்னொரு இடம் என்று மாற்றி வையுங்கள். அதை முதல் நாளே பெற்றோரிடம் சொல்லிவிடுங்கள்.

ஞாயிறு காலை ஆலயமும் மறைக்கல்வியும் இருக்கும். வாரநாள் மாலை டியூஷன். சனிக்கிழமை நாலு மணி முதல் ஐந்தரை வரை பெரும்பாலான ஊர்களுக்கு ஒத்துவரும். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 91.75 சதவீத எழுத்தறிவோடு மாநிலத்தில் முதலில் நின்ற மாவட்டம் இது. படிப்பின் மேல் வீடுகளுக்கு இருக்கும் கவலையை மதியுங்கள். தேர்வுக்கு முந்திய இரண்டு வாரம் கூட்டம் கிடையாது என்று நீங்களே அறிவித்துவிட்டால் பெற்றோரின் எதிர்ப்பில் பாதி அடங்கிவிடும்.

மழையையும் கணக்கில் எடுங்கள். ஜூன், ஜூலையில் தென்மேற்குப் பருவமழை, அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவமழை என்று இரண்டு மழையும் நமக்கு உண்டு. சிலம்பம், கிளித்தட்டு, பறவை பார்த்தல் போன்ற வெளிவேலைகளை ஜனவரி முதல் மார்ச் வரை வையுங்கள். பூக்கட்டு, முடிச்சு, பாட்டு, சமையல் எல்லாம் மழை மாதங்களுக்கு. கடற்கரை ஊர் என்றால் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். விசைப்படகுகளுக்கான தடைக்காலம் மேற்குக் கடற்கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை, கிழக்குக் கடற்கரையில் சேரும் சின்னமுட்டம் பக்கம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. அந்த நாட்களில் கரையில் வலை பின்னும் வேலை நடக்கும். சந்தேகம் கேட்க அண்ணன்மாரும் கையெட்டும் தூரத்தில் இருப்பார்கள். வலை முடிச்சை அப்போது வைத்தால் நன்றாக நடக்கும்.

எந்தப் பிள்ளைக்கு என்ன தெரியும்?

"உனக்கு என்ன திறமை இருக்கு?" என்று கேட்காதீர்கள். பத்தில் எட்டுப் பிள்ளை "ஒண்ணும் இல்லை" என்றுதான் சொல்லும். பரிசு வாங்கியது மட்டும்தான் திறமை என்று அவர்களுக்குப் பழக்கியிருக்கிறோம். கேள்வியை மாற்றுங்கள். "வீட்ல யாரும் சொல்லாமலே நீ செய்யுற வேலை என்ன மக்கா?" "உன் தம்பி உன்கிட்ட எதைச் செய்யச் சொல்லிக் கேப்பான்?" "ஆச்சி வீட்டுக்குப் போனா என்ன செய்வே?" இப்படிக் கேட்டால் பதில் கொட்டும். பிச்சிப்பூ கட்டுவது, சைக்கிள் பஞ்சர் ஒட்டுவது, மரச்சீனிக் கிழங்கின் தோலை ஒரே இழுப்பில் உரிப்பது, பல்லாங்குழியில் தோற்காமல் ஆடுவது, குருவிச் சத்தத்தை அப்படியே எழுப்புவது, தென்னை ஈர்க்கு வகிர்ந்து விளக்குமாறு கட்டுவது, போனில் படங்களை ஒட்டிச் சின்ன வீடியோ ஆக்குவது, களியல் ஆட்டத்தில் கம்பு தட்டுவது, மலையாள எழுத்துக் கூட்டிப் படிப்பது என்று வரும். விளவங்கோடு பக்கம் மலையாளம் பேசும் வீட்டுப் பிள்ளை ஒன்று கூட்டத்தில் இருந்தால், எல்லோருக்கும் அவரவர் பெயரை மலையாளத்தில் எழுதக் கற்றுத் தருவது முதல் வாரத்துக்கு அருமையான வேலை. பதினைந்து நிமிடத்தில் முடியும், ஒவ்வொரு பிள்ளையும் கையில் ஒன்றோடு வீடு போகும்.

ஒரு அட்டையில் இரண்டு பத்தி போடுங்கள்: "சொல்லித்தருவேன்", "கத்துக்கணும்". ஒவ்வொரு பிள்ளையும் இரண்டிலும் குறைந்தது ஒன்று எழுத வேண்டும். இரண்டாவது பத்தி முக்கியம். எல்லாம் தெரிந்த பிள்ளை என்று பெயர் எடுத்தது கற்றுக்கொள்ளும் இடத்துக்கு வரவே வராது. வகுப்பில் முதல் மதிப்பெண் வாங்கும் பிள்ளை "பம்பரம் விடத் தெரியாது" என்று தன் கைப்பட எழுதுவதைப் பார்க்கும் மற்றவர்களுக்குப் பாதித் தயக்கம் போய்விடும்.

இங்கே கண்டிப்பாகச் செய்யக் கூடாத ஒன்று இருக்கிறது. அப்பாவின் தொழிலைப் பார்த்து வேலையை ஒதுக்காதீர்கள். "நீ கடற்கரைக்காரன்தானே, வலை முடிச்சு நீ சொல்லிக்கொடு", "உங்க வீட்ல பூக்கட்டுதானே" என்று ஒரு பிள்ளையைச் சுட்டினால், அது பெருமையாகச் செய்யக்கூடிய ஒன்று அந்த நொடியே கூச்சமாகிவிடும். பிள்ளை தானாக எழுதட்டும். எழுதவில்லை என்றால் விடுங்கள். தடைக்காலத்தில் கரைக்கு எல்லோரையும் அழைத்துப்போய் வலை பின்னுவதைக் காட்டினால், அந்தப் பிள்ளை தானே முன்னால் வந்து விளக்கத் தொடங்குவதும் உண்டு, தொடங்காததும் உண்டு. இரண்டும் சரிதான்.

சொல்லித்தரும் பிள்ளையைத் தயார் செய்வது

கூட்டம் நன்றாக நடப்பதும் கெடுவதும் இந்த இருபது நிமிடத்தில்தான். வியாழன் அல்லது வெள்ளி மாலை, அந்த வாரம் சொல்லித்தரப் போகும் பிள்ளையோடு ஒரு பெரியவர், வீட்டுத் திண்ணையிலோ படிப்பகத்திலோ நாலு பேர் கண்ணில் படும் இடமாக உட்கார வேண்டும்.

முதலில் பிள்ளை தன் போக்கில் ஒரு முறை செய்யட்டும். நீங்கள் வாய் திறக்க வேண்டாம். கை எத்தனை இடத்தில் நிற்கிறது என்று மட்டும் எண்ணுங்கள். கை நிற்கும் ஒவ்வொரு இடமும் ஒரு படி. பிறகு அந்தப் படிகளைப் பிள்ளையைக் கொண்டே சொல்ல வையுங்கள். ஐந்துக்கு மேல் போனால் வேலை பெரிது, இரண்டு வாரமாகப் பிரியுங்கள். அடுத்து, "நீ படிக்கும்போது எங்க சிக்குச்சு?" என்று கேளுங்கள். அந்த இடத்தைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். சனிக்கிழமை அந்தப் படியை மட்டும் மூன்று தடவை மெதுவாகச் செய்து காட்ட வேண்டும். நன்றாகக் கை பழகிய பிள்ளைக்கு, தான் எங்கே சிக்கினோம் என்பதே மறந்திருக்கும். அப்போது நீங்கள் தெரியாதவராக உட்கார்ந்து கற்றுக்கொள்ளுங்கள். உங்கள் கை சிக்கும் இடம்தான் மற்றப் பிள்ளைகளுக்கும் சிக்கும்.

பிறகு மூன்று விதிகளைச் சொல்லிக்கொடுங்கள். ஒன்று, கற்பவரின் கையிலிருந்து பொருளை வாங்கக் கூடாது. "இங்க தா, நான் செஞ்சு தாரேன்" என்று வாங்கிச் செய்துவிட்டால் கற்பவர் அதோடு விட்டுவிடுவார். சொல்லித்தருபவர் தன் கையில் இன்னொன்றை வைத்துச் செய்து காட்ட வேண்டும். இரண்டு, எதிரே உட்காராமல் பக்கத்தில் உட்கார வேண்டும். எதிரே உட்கார்ந்தால் இடம் வலமாகத் தெரியும், முடிச்சு வேலையில் பாதித் தவறு இதனால்தான் வருகிறது. இடதுகைப் பழக்கமுள்ள பிள்ளை மட்டும், வலதுகைக்காரருக்கு எதிரே உட்காரட்டும், அதற்கு அது கண்ணாடியில் பார்ப்பதுபோல் சரியாக அமையும். மூன்று, ஒரு நேரத்தில் மூன்று பேருக்கு மேல் சொல்லித்தரக் கூடாது. பன்னிரண்டு பேர் வந்தால் மூன்று பாய் விரியுங்கள். ஒவ்வொரு பாயிலும் ஒருவர் சொல்லித்தர, மூவர் கற்க வேண்டும். அடுத்த சுற்றில் மாறிக்கொள்ளலாம்.

பத்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்குத் தனியாகப் பேசுவது பாரமாக இருந்தால் இரண்டு பேராகச் சேர்த்துவிடுங்கள், ஒன்று செய்யும், ஒன்று சொல்லும். இது பேச்சு வராத பிள்ளைக்கும் பொருந்தும்.

ஒன்றரை மணி நேரம் எப்படிப் போகும்

முதல் பத்து நிமிடம் விளையாட்டு. அடுத்து இருபத்தைந்து நிமிடம் முதல் சுற்று, பத்து நிமிடம் தண்ணீரும் பண்டமும், இன்னொரு இருபத்தைந்து நிமிடம் இரண்டாவது சுற்று. கடைசி இருபது நிமிடம் ஒழுங்குபடுத்தவும், செய்ததை எல்லோரும் ஒரு வட்டமாக உட்கார்ந்து கையில் பிடித்துக் காட்டவும். சரியாக வராததையும் காட்டலாம் என்று முதல் நாளே சொல்லுங்கள். பொறுப்பாளர் ஒருவர் தான் கட்டிய அவிழ்ந்த சரத்தைத் தூக்கிக் காட்டினால் பிள்ளைகளுக்கு அது புரிந்துவிடும்.

புதிய வேலையைத் தொட மறுக்கும் பிள்ளைக்கு இரண்டு ஏற்பாடு வேண்டும். முதலாவது, வேடிக்கை பார்க்க உரிமை. ஆனால் சும்மா பார்க்க விடாதீர்கள், சின்ன வேலை கொடுங்கள். நூல் வெட்டித் தரலாம், பூ எண்ணி வைக்கலாம், எத்தனையாவது தடவையில் யாருக்கு வந்தது என்று எழுதலாம். வேலை இருக்கும் கை பக்கத்தில் இருப்பதைத் தானாகத் தொடும். இரண்டாவது, "ரெண்டு தடவை" விதி. இரண்டு தடவை முயன்று பார்த்துவிட்டு, வேண்டாம் என்றால் எழுந்துபோகலாம். யாரும் காரணம் கேட்கக் கூடாது. வெளியேறும் வழி திறந்திருப்பது தெரிந்தால்தான் பயந்த பிள்ளை உள்ளே நுழையும். முதல் தடவை எல்லோருக்கும் தவறும் என்பதால் ஒன்று என்று வைத்தால் போதாது, ஐந்து என்று வைத்தால் அது தண்டனை ஆகிவிடும்.

தொடங்க ஏற்ற மூன்று வேலைகள்

பூக்கட்டு. தோவாளைப் பூச்சந்தை இருக்கும் மாவட்டத்தில் பூவுக்குக் குறைவில்லை, ஆனால் முதல் நாளே பிச்சியைக் கையில் கொடுக்காதீர்கள். அதன் காம்பு மெல்லிசு, புதுக்கை இழுக்கும் இழுப்பில் அறுந்துபோகும். பிள்ளை "நான் பூவைக் கெடுத்துட்டேன்" என்று ஒதுங்கும். முதல் சுற்றில் மூன்று அங்குல நீளத்தில் வெட்டிய ஈர்க்குத் துண்டுகளைக் கட்டட்டும். ஒரு பிள்ளைக்கு இருபது துண்டும் ஒரு மீட்டர் தடித்த பருத்தி நூலும். துண்டின் ஒரு முனையில் சாயம் தடவி வையுங்கள், அதுதான் பூவின் தலை. இரண்டு துண்டு தலை இடப்பக்கம் பார்க்க, அதன்மேல் இரண்டு துண்டு தலை வலப்பக்கம் பார்க்க, காம்புகள் நடுவில் ஒன்றன்மேல் ஒன்று படியும்படி நூலின்மேல் வைத்து இடதுகைப் பெருவிரலால் அழுத்திப் பிடிக்க வேண்டும். நூலைக் காம்புகளைச் சுற்றி ஒரு முறை கொண்டுவந்து, வலதுகை விரலில் நூலை ஒரு முறுக்கு முறுக்கி ஒரு கண் செய்து, அந்தக் கண்ணை ஒரு பக்கத்துத் தலைகளின் மேலாக நுழைத்துக் காம்புவரை இறக்கி இழுத்தால் முடிச்சு விழும், இது ஒரு கண்ணி. அடுத்த நாலும் அதை ஒட்டியே.

இதில் சிக்கும் இடம் அந்த முறுக்கு. முறுக்காமல் வெறும் வளையமாக நுழைத்தால் சுற்று மட்டும்தான் விழும், முடிச்சு விழாது. நாலாவது கண்ணி கட்டும்போது முதல் கண்ணி அவிழ்ந்து கையோடு வரும். சரத்தைத் தூக்கி இரண்டு தடவை உதறிப் பார்க்கச் சொல்லுங்கள், தவறு எந்தக் கண்ணியில் என்று பிள்ளையே கண்டுபிடிக்கும். ஈர்க்கில் ஐந்து கண்ணியும் நின்றால், இரண்டாவது சுற்றில் உண்மைப் பூ. பத்து நிமிடம் தண்ணீரில் ஊறவைத்து மெல்லிதாகக் கிழித்த வாழைநார் நூலைவிட நல்லது, காம்பை அறுக்காது. நார் உலர்ந்தால் ஒடியும், ஆகையால் ஈரத்துணியில் சுற்றி வையுங்கள். பூ கட்டத் தெரிந்த கைக்கு அடுத்து என்ன என்று கேட்கும் பிள்ளைக்குத் தோவாளை மாணிக்கமாலையைக் காட்டுங்கள், புவிசார் குறியீடு பெற்ற நம் ஊர் வேலை அது. அதை முதல் மாதத்தில் செய்யவைக்க நினைக்க வேண்டாம். அரளியை மடித்து வரிசை பிடிக்கும் அந்த வேலைக்கு வருடக்கணக்கில் பழகிய விரல் வேண்டும்.

வலை முடிச்சு. நைலான் கயிற்றில் தொடங்கினால் வழுக்கிக்கொண்டே இருக்கும். ஐந்து மில்லிமீட்டர் தடிமனுள்ள பருத்திக் கயிறு, இரண்டு நிறத்தில், ஒவ்வொரு பிள்ளைக்கும் நிறத்துக்கு ஒரு மீட்டர். வெள்ளையை மடித்து ஒரு வளைவாக இடதுகையில் பிடிக்கவும். நீலத்தின் முனையை வளைவின் அடியிலிருந்து மேலே எடுத்து, வெள்ளையின் இரண்டு கால்களுக்கும் பின்னால் சுற்றிக்கொண்டு வந்து, முன்பக்கத்தில் நீலத்தின் அடியிலேயே செருகி இழுக்க வேண்டும். சுற்றிவந்த முனையை நீலத்தின் அடியில் செருகாமல் மறுபடியும் வளைவுக்குள் விட்டுவிடுவதுதான் எல்லாப் பிள்ளையும் செய்யும் தவறு. பார்க்க முடிச்சுபோல இருக்கும், இழுத்தால் உருவிக்கொண்டு வரும். இரண்டு நிறம் கேட்டதே இதற்குத்தான். "நீலம் நீலத்துக்கு அடியில" என்று சொன்னால் போதும். இது கைவந்த பிறகு வலையூசியும் இரண்டு அங்குல அகலமுள்ள ஒரு பலகைத் துண்டும் கொடுத்து, கண்கள் ஒரே அளவாக வரப் பின்னச் சொல்லலாம். கண் ஒன்று பெரிது ஒன்று சிறிது என்று வந்தால், முடிச்சை இறுக்கும் முன்பே பெருவிரல் பலகையின் விளிம்பை விட்டு நகர்கிறது என்று அர்த்தம். பத்துக் கண் அகலத்தில் ஒரு முழம் பின்னினால் பந்து போட்டு வைக்கும் பை ஆகிவிடும்.

வில்லுப்பாட்டு. கூச்சமுள்ள பிள்ளைக்கு நம் மாவட்டத்தில் இதைவிட நல்ல ஏணி கிடையாது. நாகர்கோவில் ஒழுகினசேரியில் 1908இல் பிறந்த கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணனும் இந்தக் கலையில் கால் ஊன்றியவர்தான். மேடையில் ஒருவர் மட்டும் தனியாக நிற்பதில்லை, ஐந்தாறு பேர் சேர்ந்து உட்கார்கிறார்கள். தாளம் தட்டுபவர் வாயே திறக்க வேண்டியதில்லை. பின்பாட்டுக்காரர் "ஆமா" என்று சொன்னால் போதும். முதல் வாரம் தாளம், இரண்டாம் வாரம் எல்லோரோடும் சேர்ந்து "ஆமா", மூன்றாம் வாரம் வரியின் கடைசிச் சொல்லைத் திருப்பிப் பாடுவது, நாலாம் வாரம் இரண்டு வரி தனியாக என்று ஒவ்வொரு படியாக ஏற்றுங்கள். படியைத் தாண்டிக் குதிக்கவைத்தால் பிள்ளை கீழே இறங்கி ஓடிவிடும்.

உண்மையான வில் இல்லாவிட்டாலும் நடக்கும். ஐந்தடி மூங்கில் வளாரை வளைத்துக் கயிறு கட்டி, ஆறு சலங்கை தொங்கவிடுங்கள். வில்லைத் தட்டும் வீசுகோலுக்கு ஒரு முழ நீளத்தில் இரண்டு வழுவழுப்பான குச்சி. குடத்தின் வாயில் தட்டப் பழைய ரப்பர் செருப்பிலிருந்து வெட்டிய துண்டு. மண்குடம் உடைந்தால் பிள்ளை அழுதுவிடும், பயிற்சிக்கு எவர்சில்வர் குடம் போதும். கதையைப் பிள்ளைகளே எழுதட்டும்: ஊர்க்குளம் வந்த கதை, பள்ளி மணி திருட்டுப்போன கதை, தேரூர்க் குளத்துக்கு வலசை வரும் பறவை சொல்லும் கதை. எட்டு வரிக்கு மேல் வேண்டாம். வரி முடிந்ததும் நிறுத்தாமல் ஓடிவிடுவதுதான் புதுப் புலவரின், அதாவது முன்னால் பாடுபவரின், கோளாறு. "ஆமா" வந்தபிறகுதான் அடுத்த வரி என்று குடம் தட்டும் பிள்ளையைக் காவல் வையுங்கள்.

மற்றவை சுருக்கமாக. சைக்கிள் பஞ்சரில் பசை தடவிய உடனே ஒட்டுத்துண்டை வைத்துவிடுவார்கள், ஒட்டாது. உப்புத்தாளால் தேய்த்து, பசையை மெல்லிதாகத் தடவி, பளபளப்பு அடங்கும்வரை நாலைந்து நிமிடம் பொறுத்து அழுத்த வேண்டும். அடுப்பில்லாச் சமையலுக்கு அவல் நல்லது: நாலு பேருக்கு இரண்டு கப் சிவப்பவல், அரை கப் சீவிய கருப்பட்டி, அரை கப் தேங்காய்த்துருவல், இரண்டு மட்டிப்பழம், கொஞ்சம் ஏலக்காய்ப்பொடி. அவலைக் கழுவியதும் வடித்துவிட வேண்டும், ஊறவிட்டால் கூழாகும். சிலம்பத்தில் பிள்ளைகள் ஒருவருக்கொருவர் காட்டலாம், பிடியும் கால்வரிசையும் மட்டும். வீச்சும் மோதலும் ஆசான் நிற்கும்போதுதான். ஒவ்வொரு பிள்ளையைச் சுற்றியும் இரண்டு கம்பு நீளம் காலியாக இருக்க வேண்டும்.

பாராட்டும் பரிசும்

பரிசு வைக்காதீர்கள். நல்லெண்ணத்தில் யாராவது டிபன் பாக்ஸ் ஸ்பான்சர் செய்ய வருவார்கள், நன்றி சொல்லிக் கயிறும் நூலும் வாங்கித்தரச் சொல்லுங்கள். லெப்பர், கிரீன், நிஸ்பெட் மூவரும் 1973இல் வெளியிட்ட ஆய்வில், ஆசையாகப் படம் வரைந்துகொண்டிருந்த சிறு பிள்ளைகளில் ஒரு பகுதிக்கு "வரைந்தால் சான்றிதழ்" என்று முன்கூட்டிச் சொன்னார்கள். பின்னால் சும்மா இருந்த நேரத்தில் அந்தப் பிள்ளைகள்தான் குறைவாக வரைந்தார்கள். தானாகச் செய்த வேலை கூலிக்குச் செய்த வேலையாகிவிட்டது.

பாராட்டாமல் இருக்கச் சொல்லவில்லை. "நீ புத்திசாலி", "உன் கை ராசி" என்பதை விட்டு, கண்ணால் பார்த்ததைச் சொல்லுங்கள். "மூணு தடவை அவிழ்ந்தும் விடல பாரு." "இந்தக் கண்ணி மத்ததைவிட இறுக்கமா வந்திருக்கு, என்ன மாத்தினே?" புத்திசாலி என்று பெயர் வாங்கிய பிள்ளை, அந்தப் பெயர் போய்விடும் என்று அடுத்த கடினமான வேலையைத் தொடாது. சொல்லித்தந்த பிள்ளைக்கு நன்றியைக் கற்ற பிள்ளை சொல்லட்டும், நீங்கள் முந்திக்கொள்ள வேண்டாம்.

எங்கே கெடும்

மூன்றாவது வாரம் வருகை குறையும். பெரும்பாலும் காரணம், ஒரே பிள்ளை தொடர்ந்து இரண்டு வாரம் சொல்லித்தந்திருக்கும். மற்றவர்கள் அதை அந்தப் பிள்ளையின் கூட்டம் என்று நினைத்துவிடுவார்கள். ஒருவர் ஒரு முறை சொல்லித்தந்தால் அடுத்த இரண்டு வாரம் கற்கும் பக்கத்தில்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சொல்லித்தரும் பிள்ளை எரிந்து விழும்: "எத்தனை தடவை சொல்றது, மண்டை!" தன்னை அப்படிச் சொல்லித்தான் யாரோ கற்றுக்கொடுத்திருப்பார்கள். எல்லோர் முன்பும் திட்டாதீர்கள். அருகே போய், "நீயும் ஒரு தண்ணி குடி, நான் பாத்துக்கிடுதேன்" என்று ஐந்து நிமிடம் விடுவியுங்கள். பிறகு தனியாகக் கேளுங்கள், கற்கும் பிள்ளை எந்தப் படியில் நிற்கிறது என்று. கோபம் வரும் இடத்தில் படி பெரிதாக இருக்கும், இரண்டாக வெட்டினால் சரியாகும்.

பையன்கள் பூக்கட்டவும் பெண்பிள்ளைகள் பஞ்சர் ஒட்டவும் தயங்கினால் பேசி விளக்க வேண்டாம். அந்த வாரம் பூக்கட்டச் சொல்லித்தருவது ஒரு பையனாக இருக்கட்டும். சந்தையில் மாலை கட்டுபவர்களில் ஆண்கள் எத்தனை பேர் என்று ஒரு நாள் நேரில் காட்டலாம்.

வாசலில் நின்று "அவளுக்கு வந்துட்டு, உனக்கு ஏன் வரல?" என்று கேட்கும் பெற்றோர் ஒருவர் நிச்சயம் இருப்பார். அவரைப் பாயில் உட்காரவைத்து, அவர் பிள்ளையிடமே கற்கச் சொல்லுங்கள். படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போடுவதை முதல் நாளே தடை செய்யுங்கள். அவிழ்ந்த சரத்தோடு தன் முகம் ஊரெல்லாம் போகும் என்று தெரிந்தால் எந்தப் பிள்ளையும் முயலாது.

பாதுகாப்பில் சலுகை கிடையாது. பூட்டிய அறை வேண்டாம், கதவு திறந்திருக்க வேண்டும். ஒரு பெரியவர் ஒரு பிள்ளையோடு தனித்திருக்கக் கூடாது. வீட்டுத் தொலைபேசி எண்ணும் பிள்ளைக்கு ஒத்துக்கொள்ளாத உணவும் நோட்டில் இருக்க வேண்டும். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணைச் சுவரில் பெரிதாக எழுதி, எதற்கு என்று பிள்ளைகளிடம் சொல்லுங்கள். கரைக்கோ மணக்குடிக்கோ தேரூர்க் குளத்துக்கோ அழைத்துப்போனால் நாலு பிள்ளைக்கு ஒரு பெரியவர், எந்தப் பிள்ளையும் தண்ணீரில் கால் வைக்கக் கூடாது. நீச்சல் தெரிந்த பிள்ளைகள் இருந்தாலும் நீச்சலைப் பிள்ளைகள் ஒருவருக்கொருவர் சொல்லித்தரும் வேலையாக வைக்கவே வேண்டாம்.

ஆறாவது வாரம்

ஆண்டுவிழா மாதிரி மேடை, சிறப்பு விருந்தினர், பொன்னாடை எதுவும் வேண்டாம். மேடை என்றதும் கூச்சப் பிள்ளைகள் அந்த வாரம் காய்ச்சல் என்று சொல்லிவிடும். ஆறு பாய் விரியுங்கள். ஒவ்வொரு பாயிலும் இரண்டு பிள்ளைகள், தங்களுக்கு இந்த ஆறு வாரத்தில் வந்த ஒன்றோடு உட்காரட்டும். ஏற்கெனவே தெரிந்ததை வைக்கக் கூடாது, இங்கே வந்து கற்றதைத்தான் வைக்க வேண்டும். வரும் பாட்டாவும் ஆச்சியும் அத்தையும் மாமாவும் ஒவ்வொரு பாயிலும் பத்து நிமிடம் உட்கார்ந்து பிள்ளையிடம் கற்க வேண்டும். பெரியவர்களுக்கும் அதே மூன்று விதிதான், பிள்ளை கையிலிருந்து எதையும் வாங்கக் கூடாது. ஒவ்வொரு பாய்க்கும் எட்டுப் பேருக்குப் பொருள் எடுத்து வையுங்கள், ஈர்க்குத் துண்டு மட்டும் இரட்டிப்பாக. மணியடிக்க ஒருவர் வேண்டும், இல்லையென்றால் வில்லுப்பாட்டுப் பாயை விட்டு யாரும் எழமாட்டார்கள்.

முடிந்ததும் பழைய அட்டையை எடுத்துப் பிள்ளைகள் நடுவில் வையுங்கள். "கத்துக்கணும்" பத்தியில் எழுதியதில் கைவந்ததை அவரவரே அடித்து, "சொல்லித்தருவேன்" பத்திக்கு மாற்றி எழுதட்டும். அடுத்த ஆறு வாரத்துக்கு யார் யாருக்கு என்ன என்ற பட்டியலை அன்றைக்கே, பிள்ளைகள் கலையும் முன்பே, அந்த அட்டையைப் பார்த்து எழுதிவிடுங்கள்.